இரண்டு விளக்கு

"மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுங்க, அம்மணி. என்னதான் பண்றது?" என்று கேட்டார் சென்னியப்பன்.

தவமணி வேலி வெட்டும் மெஷினை நிறுத்தினாள். அதன் பின்பக்கம் சொருகியிருந்த பேட்டரியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

கறுப்பு நிறம், செங்கல் கனம். தொட்டால் சுட்டது.

"இத சார்ஜ்ல போட்டுட்டு வாங்கண்ணா."

ஓட்டமும் நடையுமாகக் கருவி அறைக்குப் போனார். சார்ஜரில் சொருகிவிட்டுப் பச்சை விளக்குக்காகக் காத்து நின்றார். சிவப்புதான் கண் சிமிட்டியது. கழற்றி மறுபடி சொருகினார். ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், சுவிட்சை அணைத்துப் போட்டார். சார்ஜர் மசியவில்லை.

திரும்பி வந்தார்.

"ஏற மாட்டேங்குதுங்க."

"சூடா இருக்கில்லண்ணா. சூட்டோட குடுத்தா வாங்காது. ஆறட்டும்."

"எவ்வளவு நேரமுங்க?"

"ஆறுற வரைக்கும்."

சொல்லிவிட்டு வேறு பேட்டரியைச் சொருகிக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பிவிட்டாள். கேட்ட கேள்வியை இவள் காதிலேயே வாங்கவில்லை என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டார்.



ஞானம் தேடி மலையேறுகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் உள்ளே சாமி எங்கே என்று பார்ப்பார்கள். சென்னியப்பன் பார்த்தது பிளக் பாயின்ட் எங்கே என்று.

ஏற்காட்டு மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது அந்த மௌன இல்லம். பத்து நாள் யாரும் பேசக் கூடாது. போனை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். சென்னியப்பனும் ஒப்படைத்தார். அவர் ஒப்படைத்தது உடைந்துபோன பழைய போன். நல்ல போன் வேட்டி மடிப்பில் இருந்தது.

இரண்டாம் நாள் மதியம், எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நேரத்தில், அவர் மட்டும் கேட்டருகே பலா மரத்தடியில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். அந்த வளாகத்திலேயே டவர் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை நாள் போதுமானதாக இருந்தது.

நிர்வாகி நல்ல மனிதர். கோபப்படவில்லை.

"மௌனம் உங்களுக்கு ஒத்து வரலைங்க. தோட்டத்துல வேலை நிறைய கெடக்குது. தவமணிக்கு ஒத்தாசையா இருங்க. எப்பப் போகணும்னு தோணுதோ அப்பப் போங்க" என்றார்.

தவமணிதான் அந்தத் தோட்டத்துக்கு எல்லாம். பத்து வருஷமாக அங்கே இருக்கிறாள். முன்பு பெட்ரோல் மெஷின் ஓடியது. அது போடுகிற கூச்சலில், மௌனத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மனசுக்குள் கண்டபடி திட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் நிர்வாகி அதை விற்றுவிட்டு பேட்டரி மெஷின்கள் வாங்கிக் கொடுத்தார். வேலி வெட்ட ஒன்று, புல் வெட்ட ஒன்று, சருகு ஊத ஒன்று. மூன்றுக்கும் பொதுவாக ஆறு பேட்டரிகள்.

அவளுக்கு முப்பத்துமூன்று வயது. அவருக்கு ஐம்பத்தாறு. அவள் கொஞ்சம்தான் பேசுவாள். அவர் பேசாமல் இருந்தால் மூச்சு முட்டிவிடும்.

அவர் மனசு ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் புனேயில் இருந்தது. பெயர் சிந்துஜா. ஒரே மகள், வயது இருபத்தாறு.

அவள் வேலைக்குப் போன நாளிலிருந்து சென்னியப்பன் போன் செய்துகொண்டே இருந்தார். எழுந்தாயா என்று ஒரு தடவை. சாப்பிட்டாயா என்று ஒரு தடவை. பஸ் ஏறினாயா, இறங்கினாயா, மழை பெய்கிறதா, குடை இருக்கிறதா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் எடுக்கவில்லை. பதினேழு தடவை கூப்பிட்டார். கடைசியில் விடுதி வார்டனுக்கே போன் போட்டு, அறைக் கதவைத் தட்டச் சொன்னார். வார்டன் நாலு பேரோடு போய்த் தட்டினார். சிந்துஜா தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் அவள் சொன்னாள்: "அப்பா, கொஞ்ச நாளைக்கு எனக்குக் கூப்பிடாதீங்க. நானே கூப்பிடறேன்."

அதற்குப் பிறகும் அவர் கூப்பிட்டார். அவள் எடுக்கவில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது. அம்மாவிடம் மட்டும் தினமும் பேசுகிறாள். அதுதான் அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தீபாவளிக்கு வருவாயா என்று அம்மா கேட்டதற்கு, "அப்பா இப்படியே இருந்தா வரலம்மா" என்றாளாம். பக்கத்து அறையில் இருந்த சென்னியப்பனுக்கு அது நன்றாகவே கேட்டது.

அன்றைக்கே மனைவி அவருடைய பையை எடுத்து வைத்தாள். "எங்கியாவது போய்க் கொஞ்சம் அடங்கி இருந்துட்டு வாங்க" என்றாள்.

அடங்குவதற்கு வந்த இடத்தில்தான் அவர் கையில் சுடச்சுட ஒரு பேட்டரி.



பேட்டரி என்றதும் சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. பெருந்துறையில் இருபத்தைந்து வருஷம் இன்வெர்ட்டர் பேட்டரி வேலை பார்த்தவர் அவர். பாதி நாள் கரண்ட் இல்லாத அந்த வருஷங்களில், அவரைக் கண்டால் ஊரே எழுந்து நின்று நாற்காலி போட்டது. கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட வேண்டும் என்பது அவர் வீட்டுச் சட்டம். எமர்ஜென்சி லைட், போன், டார்ச், எல்லாம் எந்நேரமும் வயரில் தொங்கும்.

சிந்துஜா அப்போது எட்டாம் வகுப்பு. தெருவே இருட்டில் கிடக்கும். அவள் அறையில் மட்டும் விளக்கு ஒரு நிமிஷம்கூட அணைந்ததில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு மார்பு நிமிரும்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தோட்டக்காரி பேட்டரி பாடம் எடுப்பதா?

முதல் வாரம் பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி எதுவும் இல்லை.

"டிஸ்டில்டு வாட்டர் எங்கீங்க ஊத்துறது?"

"இதுக்கு ஊத்த வேண்டாம்ணா."

"அப்படி ஒரு பேட்டரியா?" என்றார், நம்பாமல்.

மறுநாள் அவளிடம் கேட்காமலே ஆறு பேட்டரியின் முனைகளிலும் வாசலின் தடவி வைத்தார். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் துரு ஏறாமல் அவர் அப்படித்தான் செய்வார். அதில் புல்தூசி போய் அப்பிக்கொண்டது. பத்து மணிக்கெல்லாம் மெஷின் விக்கி விக்கி நின்றது.

தவமணி பேட்டரியைக் கழற்றிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு உலர்ந்த துணியை எடுத்துக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து, ஆறையும் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

அந்தப் பேட்டரிகளின் நெற்றியில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று குட்டி விளக்குகள் எரிந்து காட்டும். நாலு எரிந்தால் முழுசு. ஒன்று எரிந்தால் தீரப்போகிறது.

சென்னியப்பன் போகும்போதும் வரும்போதும் அதை அமுக்கிப் பார்ப்பார். நாலு எரியும். மூன்று எட்டு நடந்து திரும்பி வந்து மறுபடி அமுக்குவார். அப்போதும் நாலுதான் எரியும்.

"பாத்துப் பாத்தே தீத்துருவீங்க போல" என்றாள் தவமணி.

அவர் கையை இழுத்துக்கொண்டார். ஆனால் கை சும்மா இருக்குமா? பாக்கெட்டில் இருந்த போனை எடுத்துப் பார்த்தது. பிறகு பலா மரத்தடிக்குப் போனார். மணி போனதே தவிர மகள் எடுக்கவில்லை.

ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போய் வந்தார். அவர் நடந்து நடந்து புல்லில் ஒற்றையடித் தடமே விழுந்துவிட்டது.



ஆவணி கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இனி மூன்று வாரத்துக்கு மெஷினுக்கு வேலை இல்லை.

தவமணி மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினாள். பேட்டரிகளை எடுத்தாள். நாலு விளக்கு எரிந்த மூன்றைச் சருகு ஊதும் மெஷினில் போட்டு, ஒவ்வொன்றாகக் கொஞ்ச நேரம் ஓட்டினாள். மீதி மூன்றும் ஏற்கெனவே பாதியில் இருந்தன. ஆறையும் அமுக்கிப் பார்த்தாள். ஆறிலும் இரண்டிரண்டு விளக்கு. சுவர் ஓரம் இருந்த மர அலமாரியில் வரிசையாக அடுக்கினாள்.

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க அம்மணி, நாலு இருந்ததை ரெண்டாக்கி வெக்கிறீங்க? பேட்டரியைக் கொறையா விட்டா செத்துப் போயிருமுங்க. இது என் தொழிலு."

"அது உங்க பேட்டரிண்ணா. இது வேற."

"பேட்டரின்னா பேட்டரிதானுங்களே?"

"தீரத் தீர வெச்சாலும் கெடும். நிறைய நிறைய வெச்சாலும் கெடும். சும்மா இருக்கறப்ப இதுக்கு ரெண்டு விளக்கு போதும்."

"திடீர்னு தேவைப்பட்டா?"

"அப்ப ஏத்திக்கலாம்."

"அப்பப் பாத்து கரண்ட் போயிருச்சுன்னா?"

தவமணி அலமாரியைச் சாத்தினாள். கருவி அறையையும் பூட்டினாள். சாவியை அவரிடமே நீட்டினாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டும். ஆயுத பூஜை வரைக்கும் தொறக்க வேண்டாம்."

"என்கிட்டயா?"

அவள் தலையாட்டிவிட்டு, கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

அந்தச் சாவி அவர் இடுப்பில் நெருப்பாகச் சுட்டது. முதல் நாள் இருப்புக் கொள்ளாமல் அறையைச் சுற்றி வந்தார். இரண்டாம் நாள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் திறந்தார்.

ஒன்றும் செய்யவில்லை, அமுக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். இரண்டு விளக்கு எரிந்தது. மழை ஈரத்தில் சுவர் சில்லென்று இருந்தது. பாவம், இப்படிக் குளிரில் அரை வயிற்றோடு கிடக்கிறதே என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

அன்று சாயங்காலமே ஆறு பேட்டரியும் சார்ஜரும் சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த வெந்நீர் அறைக்குக் குடிபெயர்ந்தன. எல்லோரும் குளிப்பதற்கு அங்கே விறகடுப்பில் அண்டா அண்டாவாகத் தண்ணீர் காயும். அடுப்புக்கு மேலே ஒரு கல் பலகை. எப்போதும் கதகதப்பு, ஈரமே அண்டாது. அங்கே வைத்து ஒவ்வொன்றாக நாலு விளக்கு ஏற்றினார். ஆறும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒன்றை மாற்றி ஒன்று சார்ஜரிலேயே இருந்தது.

தினமும் காலையும் மாலையும் போய்ப் பார்த்தார். அமுக்குவார். நாலு எரியும். மனசு ஒரு நிமிஷம் நிற்கும். பிறகு பலா மரத்தடிக்குப் போவார். மணி போகும். மகள் எடுக்க மாட்டாள். மனசு மறுபடி ஓட ஆரம்பித்துவிடும்.

பூஜைக்கு முந்தின நாள், ஆறையும் அலமாரியில் பழையபடி அடுக்கி வைத்துவிட்டுச் சாவியோடு நல்ல பிள்ளையாக நின்றார்.



ஆயுத பூஜை அன்று காலை மழை விட்டிருந்தது.

தவமணி கருவி அறையைக் கழுவிக் கோலம் போட்டாள். மெஷின்களை இறக்கித் துடைத்தாள். பேட்டரியைச் சொருகி, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பூஜையில் வைப்பது அவள் வழக்கம்.

முதல் பேட்டரி சரியாக உட்கார்ந்தது. இரண்டாவதும் உட்கார்ந்தது. மூன்றாவது பாதியிலேயே நின்றுவிட்டது. அழுத்தினாள். போகவில்லை.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். பேட்டரியின் ஒரு பக்கம் புடைத்திருந்தது. நேராக இருந்த விளிம்பு வில்லாக வளைந்திருந்தது.

சென்னியப்பன் ஓரடி முன்னால் வந்தார்.

"நான்தானுங்க" என்றார்.

அவரே சொன்னார்.

"வெந்நீர் அடுப்புகிட்ட வெச்சிருந்தனுங்க. நாலு விளக்குக்குக் கொறையவே விடலை. ஒரு நாள் விடாமப் போய்ப் பாத்தேன். ரெண்டு வேளையும் பாத்தேன்."

தவமணி ஒரு வாளியில் மணலைக் கொட்டினாள். பேட்டரியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல மெதுவாகத் தூக்கிக்கொண்டு, கட்டடத்தை விட்டுத் தள்ளி, திறந்தவெளியில் வாளிக்குள் வைத்தாள். மேலேயும் மணல் போட்டாள்.

"அது இனிமே ஆகாதுங்களா?"

"ஆகாதுண்ணா. அடிபட்டா தீப்பிடிச்சாலும் பிடிக்கும். கீழ சேலத்துல இதை வாங்கறவங்க இருக்காங்க. குடுத்துட்டு வரணும்."

வாளியைப் பார்த்தபடியே நின்றார். ஐம்பத்தாறு வயது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. பேட்டரி போனதற்கு மட்டும்தான் என்று சொல்ல முடியாது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க அம்மணி. நான் அதுக்கு என்ன கொறை வெச்சேன்?"

தவமணி கையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"கொறையே வெக்கலீங்கண்ணா" என்றாள்.



பதினோரு மணிக்குப் பூஜை.

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம். அவரவர் புழங்குகிற ஆயுதத்தை அவரவர் கையால் கொண்டுவந்து வைக்க வேண்டும். சமையல்காரர் அரிவாள்மணையை வைத்தார். டிரைவர் ஜீப் சாவியை வைத்தார். நிர்வாகி, தியானத்துக்கு அடிக்கிற வெண்கல மணியை வைத்தார். தவமணி மூன்று மெஷினையும் நல்ல பேட்டரிகள் ஐந்தையும் வைத்தாள். அதோடு ஒரு பழைய கத்தரிக்கோலும் இருந்தது. மறுநாள் விடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது.

"உங்களுது?" என்று சென்னியப்பனிடம் கேட்டாள்.

அவர் பையைத் துழாவி, பேட்டரியின் ஆசிட் பார்க்கிற கண்ணாடிக் குழலை எடுத்தார். எங்கே போனாலும் அது அவர் பையில் இருக்கும். பெருமையோடு நீட்டினார்.

"இதக் கடைசியா எப்பண்ணா எடுத்தீங்க?"

"ஊர்லதானுங்க. ஆச்சு, ஒரு ரெண்டு மாசம்."

"தெனமும் புழங்குறதத்தான் வைக்கணும்."

"எனக்கு இங்க வேற என்னங்க ஆயுதம் இருக்குது?"

தவமணி காத்திருந்தாள். தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

சென்னியப்பனின் வலது கை, அவரைக் கேட்காமலே, சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. வழக்கமாகப் பலா மரத்தடிக்குப் போகிற நேரம் அது.

கை அங்கேயே நின்றது.

அவர் தவமணியைப் பார்த்தார். அவள் வாழையிலையில் கொஞ்சம் இடம் ஒதுக்கினாள்.

"விடியற வரைக்குமா?" என்றார்.

"விடியற வரைக்கும்."

"அதுக்குள்ள அவ கூப்பிட்டான்னா?"

"கூப்பிட்டிருக்கான்னு காலையில தெரியும்ணா."

அவர் போனை வைத்தார். தவமணி அதன் முதுகில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். கதவைச் சாத்தினாள்.

அன்று பகல் முழுக்க அவர் கை பாக்கெட்டைத் தேடித் தேடிப் போய் ஏமாந்தது. பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட மறந்தார். பலா மரம்வரை நடந்தார். அங்கே போய் என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பினார். மறுபடி நடந்தார்.

விஜயதசமி காலையில் எல்லோருக்கும் முன்னால் கதவருகே நின்றார்.

போனை எடுத்தார். சார்ஜ் பாதி இருந்தது. மகளிடமிருந்து எதுவும் வரவில்லை. உலகம் அழிந்துவிடவும் இல்லை.

நேராகப் பலா மரத்தடிக்குப் போனார். மகள் பெயரை எடுத்தார். கட்டைவிரல் அதன் மேலே நின்றது. அங்கிருந்து பார்த்தால் வெட்டவெளியில் அந்த மணல் வாளி தெரிந்தது.

வெகுநேரம் நின்றார்.

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

"என்னண்ணா, பேசினீங்களா?"

"ஆறட்டுமுங்க" என்றார் சென்னியப்பன்.

தவமணி முதன்முதலாக அவரை நிமிர்ந்து முழுசாகப் பார்த்தாள்.



சொல்லிவிட்டாரே தவிர, அது லேசுப்பட்ட காரியமாக இல்லை. முதல் மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பையைக் கட்டிக்கொண்டு கேட்வரை போய்விட்டுத் திரும்பினார். ஐந்தாம் நாள் மனைவியை மட்டும் கூப்பிட்டார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாயெடுத்து, "அங்க மழையா?" என்று கேட்டார். மனைவி பதறிப்போய், "உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

பேட்டரிகள் அலமாரியில் இருந்தன. வேலை இருக்கும் நாளில் முந்தின சாயங்காலம் ஏற்றுவார். ஏறியதும் கழற்றிவிடுவார். வேலை முடிந்து சூடாக வருவதை நிழலில் கல்மேல் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொள்வார். அது ஆறும்வரை அவருக்கும் வேறு வேலை இல்லை.

புல்லில் விழுந்திருந்த ஒற்றையடித் தடத்தில் புல் மறுபடி தலைகாட்டியது.

ஐப்பசி பிறந்துவிட்டது. தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள்.

அன்று கேட்டருகே வேலி வெட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது மெஷின் சென்னியப்பன் கையில். தவமணி வெட்டி விழுந்ததைக் கூட்டி அள்ளினாள். பேட்டரி ஒரு விளக்குக்கு வந்துவிட்டது. அதைக் கழற்றி, பலா மரத்தடியில் கல்மேல் வைத்தார்.

அப்போது பாக்கெட்டில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். சிந்துஜா.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு காதில் வைத்தார்.

"சொல்லு கண்ணு."

"அப்பா" என்றாள் சிந்துஜா. "உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன கண்ணு, கல்லாட்டம் இருக்கறேன்."

"போனே வரல உங்ககிட்டருந்து."

"நீ கூப்பிடறேன்னு சொன்னியே. அதான்."

மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. பல மாதத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. சென்னியப்பன் பலா மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பேச ஆரம்பித்தாள். விடுதியில் பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று குட்டி. செருப்பு அறுந்துவிட்டது. சாம்பார் வைக்கத் தெரிந்த ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். அவர் "ம்" கொட்டினார். பூனை கடிக்கப் போகிறது, ஊசி போட்டாயா என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்பா, தீபாவளிக்கு..." என்று தொடங்கினாள் அவள். நிறுத்தினாள். "லீவு கேட்டிருக்கேன்."

எத்தனாம் தேதி? எந்த ரயில்? டிக்கெட் போட்டாயிற்றா? ஸ்டேஷனுக்கு நான் வரட்டுமா? நாலு கேள்வியும் தொண்டைவரை வந்து வரிசையில் நின்றன.

"சரி கண்ணு" என்றார். "நீ போய் வேலையைப் பாரு. அப்புறம் பேசலாம்."

மறுமுனையில் அவளுக்கு நம்ப முடியவில்லை போலிருந்தது.

"வெச்சுரவாப்பா?"

"வெச்சுரு கண்ணு."

போன் அவர் கையில் சுட்டது. கல்மேல் இருந்த பேட்டரிக்குப் பக்கத்தில், நிழலில், அதையும் வைத்தார். தானும் உட்கார்ந்தார்.

தவமணி துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எல்லாம் பேசியாச்சாண்ணா?"

"இல்லீங்க அம்மணி" என்றார் சென்னியப்பன். "பாதி இருக்குது."